சொட்டு மருந்தில் தேறிய கண் ஏன் மறுபடி சிவந்தது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம். முதல் பத்துப் பன்னிரண்டு நாள் பார்வை பளிச்சென்று இருந்தது. மூன்றாவது வாரம் கண் லேசாகச் சிவந்து மங்கியது. வலி பெரிதாக இல்லை. ஆபரேஷன் செய்த மருத்துவர் ஸ்டீராய்டு சொட்டைக் கூட்டினார், தேறியது. குறைத்ததும் திரும்ப வந்தது, மறுபடி கூட்டினார், மறுபடி தேறியது. மூன்றாம் முறை வந்தபோது வேறொரு மருத்துவரிடம் போனீர்கள். அவர் கண்ணுக்குள்ளிருந்து நீர் எடுத்துச் சோதித்து, இது பூஞ்சை என்றார். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை வெட்டி எடுக்கும் ஆபரேஷன்) செய்ய வேண்டும், வைத்த லென்ஸையே எடுக்க வேண்டியிருக்கலாம் என்கிறார். முகம் கழுவும்போது தண்ணீர் பட்டதால் வந்ததா, மருத்துவமனையின் தவறா, லென்ஸை எடுத்தே ஆக வேண்டுமா, பார்வை வருமா, அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மூன்று இடத்தில் “இரண்டு தடவை தேறியதே” என்று எழுதியிருக்கிறீர்கள். தேறியது என்று நம்பிச் சும்மா இருந்துவிட்டோமே என்பதுதான் உங்களை அரிக்கிறது என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஆபரேஷன் செய்யும் ஆள் இல்லை. கண் மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக வேலை. கண்ணிலிருந்து எடுத்த நீர் சிரிஞ்சோடு வந்து சேரும் இடம் எங்கள் மேஜை. உங்கள் அப்பாவின் கண்ணை நான் பார்க்கவில்லை, அறிக்கையையும் பார்க்கவில்லை. கிருமி எப்படி நடந்துகொள்ளும், எந்த மருந்துக்கு மடங்கும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். கத்தியை எப்போது எடுப்பது என்பது உங்கள் விழித்திரை மருத்துவர் சொல்ல வேண்டியது.

கண்புரை ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் தொற்று வருவதே அபூர்வம். வந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. அதிலும் நோயாளியின் இமையிலும் இமை ஓரத்திலும் சாதாரணமாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்தான் முதலிடம். அது பொதுவாக முதல் வாரத்திலேயே தன்னைக் காட்டிவிடும். நேற்று நன்றாகத் தெரிந்த கண் இன்று வலிக்கும், இமை வீங்கும், கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகச் சீழ் தேங்கும். யாரும் தவறவிட மாட்டார்கள். பூஞ்சை அப்படி இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்து, சில சமயம் மாதங்கள் கழித்து, மெதுவாகத் தலைகாட்டும். பெரும்பாலும் நூல் நூலாக வளரும் உயிர் அது. ஒட்டிக்கொள்ள ஏதாவது பரப்பு வேண்டும். ஆபரேஷன் ஆன கண்ணில் அப்படிப்பட்ட இடங்கள் தாராளம்: வெட்டின வாய், கருவிழியின் பின்புறம், லென்ஸை வைத்திருக்கும் பை, அதற்குப் பின்னால் இருக்கும் விட்ரியஸ் கூழ்.

இனி அந்தத் “தேறியது” விஷயம். கண் சிவப்பதும் மங்குவதும் பெரும்பாலும் கிருமியின் நேரடி வேலை அல்ல, கிருமியை எதிர்த்து உடம்பு அனுப்பும் வெள்ளணுக்களின் கூட்டம். ஸ்டீராய்டு அந்தக் கூட்டத்தைக் கலைத்து விடும். சிவப்பு குறையும், நீர் தெளியும், நோயாளி இரண்டு வரி கூடப் படிப்பார். உள்ளே பூஞ்சை அப்படியே இருக்கும், எதிர்ப்பு அடங்கியதால் முன்னைவிட வசதியாகவே வளரும். சொட்டைக் குறைத்ததும் உடம்பு மறுபடி விழித்துக்கொள்ளும். ஆக, நீங்கள் பார்த்த தேறுதல் பொய்யில்லை. ஆனால் தேறியது அழற்சி மட்டும். இது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, அதுவும் வீட்டில் இருப்பவருக்கு, தெரிய வாய்ப்பே இல்லை.

முதல் மருத்துவரைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் லேசாகச் சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டைக் கூட்டியதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆபரேஷனுக்குப் பின் எல்லோருக்கும் சில வாரம் ஸ்டீராய்டு சொட்டு உண்டு; அதைக் குறைக்கும்போது தொற்றே இல்லாமல் அழற்சி எட்டிப் பார்ப்பது சகஜம். பழைய லென்ஸின் துணுக்கு ஒன்று உள்ளே தங்கினாலும் இப்படித்தான் இருக்கும். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று ஒரு சோம்பேறி பாக்டீரியா உண்டு. லென்ஸ் பையில் வெள்ளைப் படலமாக உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் இதே நாடகத்தை ஆடும், அதுவும் முதலில் ஸ்டீராய்டுக்கு அடங்குவது போல நடிக்கும். இத்தனைக்கும் நடுவில் பூஞ்சையை முதல் தடவையே சந்தேகிப்பது கடினம். ஆனால் சொட்டைக் குறைத்ததும் திரும்பி வந்தது என்றால், அந்த இரண்டாவது தடவையே கண்ணிலிருந்து நீர் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லா மருத்துவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தெளிவாக இருக்கும் கண்ணில் ஊசி குத்துவதற்கும் ஆபத்து உண்டே என்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

மெதுவாக வந்தால் பூஞ்சை, வேகமாக வந்தால் பாக்டீரியா என்று நூல் பிடித்துப் பிரித்துவிடவும் முடியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை சில சமயம் சில நாளிலேயே கண்ணை நாசமாக்கிவிடும். மருத்துவர்கள் தேடும் அடையாளங்கள் வேறு: வெட்டுவாய் ஓரத்தில் கருவிழியில் வெள்ளைத் திட்டு, விட்ரியஸில் பஞ்சு உருண்டைகள் போல மிதக்கும் வெண்கட்டிகள், சில கண்களில் அவை முத்துக் கோத்தாற்போல வரிசையாக இருப்பது, கண்ணின் நிலைக்குப் பொருந்தாத அளவுக்குக் குறைவான வலி. இவை இருந்தால் சந்தேகம் பலப்படும். உறுதி என்பது ஸ்லைடிலும், கிருமியை வளர்க்கும் அகார் தட்டிலும்தான்.

அந்த மேஜையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், லென்ஸ் பற்றிய உங்கள் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது. கண்ணின் முன்னறையிலிருந்து எடுத்தால் 0.1 மில்லி கிடைக்கும். விட்ரியஸிலிருந்து எடுத்தால் 0.2, 0.3. சில துளிதான். அதைச் சிந்தாமல் பங்கிட வேண்டும். ஒரு துளி ஸ்லைடில் விழும், மேலே 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதோடு கால்கோஃப்ளோர் ஒயிட் என்ற சாயம். மனித அணுக்கள் கரைந்து மங்கும்; பூஞ்சையின் செல்சுவர் மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொண்டு, புற ஊதா விளக்கில் இருட்டுக்குள் கிளை பிரிந்த வெள்ளை நூலாக ஒளிரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நூல் தெரிந்ததும் கை தானாகத் தொலைபேசிக்குப் போகும். மிச்சத் துளிகள் ரத்த அகார், சாக்லேட் அகார், சபரோ அகார், திரவ ஊடகம் என்று கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, போகும். கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் ஆஸ்பெர்ஜில்லஸும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். சில பூஞ்சைகளுக்கு இரண்டு வாரம் வேண்டும். அதுவரை “வளரவில்லை” என்று நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. தட்டின் மூலையில், நாங்கள் கோடு இழுக்காத இடத்தில், ஒற்றைப் புள்ளியாக ஒன்று முளைத்தால் அது காற்றிலிருந்து விழுந்ததாக இருக்கலாம். இழுத்த கோட்டின் மேலேயே முளைத்தால், அதுவும் இரண்டு ஊடகத்தில் ஒரே மாதிரி முளைத்து, ஸ்லைடில் பார்த்த நூலோடும் ஒத்துப்போனால், அதை நம்பலாம். உங்கள் மருத்துவரிடம் “ஸ்லைடில் தெரிந்ததா, கல்ச்சரில் வளர்ந்ததா, இரண்டுமா” என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

முன்னறை நீரை மட்டும் எடுத்தால் பல முறை ஒன்றும் வராது. பூஞ்சை நீரில் மிதந்துகொண்டு இருப்பதில்லை, ஒட்டிக்கொண்டு இருக்கும். விட்ரியஸ் மாதிரியில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதையும் தாண்டி, இரண்டு முறை எதுவும் வளராத கண்ணிலிருந்து கடைசியில் லென்ஸையும் பையையும் எடுத்து அனுப்புவார்கள். அந்தப் பைத் துணுக்கை அழுத்திப் பார்த்தால், நூல் பின்னிக் கிடக்கும். லென்ஸை எடுக்கலாமா என்ற பேச்சு வருவது இதனால்தான். பைக்குள் ஒட்டியிருக்கும் பூஞ்சையை ஊசி மருந்து சரியாக எட்டுவதில்லை. மருந்து நின்றதும் அங்கிருந்தே மறுபடி கிளம்பும். இருந்தாலும் எல்லாக் கண்ணிலும் முதல் ஆபரேஷனிலேயே எடுத்தாக வேண்டும் என்றில்லை. சிலர் முதலில் விட்ரியஸை மட்டும் சுத்தம் செய்து, மருந்து போட்டுப் பார்க்கிறார்கள். திரும்பினால் லென்ஸை எடுக்கிறார்கள். சிலர் பூஞ்சை என்று தெரிந்த உடனேயே எடுத்துவிடுகிறார்கள். நோய் அபூர்வம் என்பதால் இரண்டு வழியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு எதையும் நம்பி ஒரு பக்கம் சாய முடியாது. உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்திருப்பதால், எடுக்கும் பக்கமே தராசு சாயும் என்று எனக்குப் படுகிறது.

இணையத்தில் தேடினால் 1995-ல் வெளியான எண்டோஃப்தால்மைடிஸ் (கண்ணுக்குள் வரும் தொற்று) விட்ரெக்டமி ஆய்வு கண்ணில் படும். வெளிச்சம் மட்டும் தெரியும் அளவுக்குப் பார்வை போனவர்களுக்கே உடனடி விட்ரெக்டமியால் பலன், கையசைவு தெரிகிறவர்களுக்கு ஊசியே போதும் என்று அது சொல்கிறது. அதைக் காட்டி “அப்பாவுக்குத்தான் கை தெரிகிறதே, ஆபரேஷன் எதற்கு” என்று கேட்காதீர்கள். அது திடீரென்று வரும் பாக்டீரியாத் தொற்றுக்கான பாடம். பூஞ்சையில் விட்ரெக்டமி செய்வது நல்ல மாதிரி கிடைக்கவும், பூஞ்சையின் சுமையைக் குறைக்கவும், மருந்து உள்ளே பரவ இடம் கொடுக்கவும்தான்.

மருந்தைப் பற்றி. கண்ணுக்குள் போடுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஆம்ஃபோடெரிசின் பி 5 முதல் 10 மைக்ரோகிராம், அல்லது வோரிகோனசோல் 100 மைக்ரோகிராம், எதுவானாலும் 0.1 மில்லியில். ஆம்ஃபோடெரிசின் 50 மில்லிகிராம் புட்டியாக வருகிறது. அதிலிருந்து 5 மைக்ரோகிராமுக்கு இறங்க வேண்டும் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 10 மில்லி சுத்த நீரில் கரைத்து, அதில் 0.1 மில்லி எடுத்து, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் 10 மில்லி ஆக்கி, அதிலிருந்து 0.1 மில்லி. சலைனில் கலந்தால் மருந்து திரிந்து படிந்துவிடும். ஒரு சுழி தப்பினால் விழித்திரை கருகிவிடும். அதனால் ஊசி போட ஏன் இவ்வளவு நேரம் என்று வெளியே உட்கார்ந்திருக்கும்போது பதறாதீர்கள். இருவர் தனித்தனியாகக் கணக்கைச் சரிபார்க்கும் நேரம் அது. வோரிகோனசோல் விழித்திரையிடம் சாதுவாக நடந்துகொள்ளும், ஆனால் சில மணி நேரத்திலேயே கண்ணை விட்டு வெளியேறிவிடும். ஒரே ஊசியோடு முடியாமல் திரும்பத் திரும்பப் போடுவது அதனால்.

மாத்திரையாகவும் வோரிகோனசோல் தருவார்கள், வழக்கமாக 200 மில்லிகிராம் தினம் இருவேளை. வாய்வழி கொடுத்தாலும் கண்ணுக்குள் நல்ல அளவில் போய்ச் சேரும் என்பது அதன் பெரிய வசதி. நரம்பு வழியாக ஏற்றும் ஆம்ஃபோடெரிசின் கண்ணை எட்டுவது சொற்பம். வோரிகோனசோல் போட்டுக்கொண்ட சிறிது நேரத்தில் கண் முன் ஒளி மினுங்குவது, நிறங்கள் மாறித் தெரிவது உண்டு. நோய் கூடிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அடங்கிவிடும். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை தவறாமல் செய்ய வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கும். ரத்தம் உறையாமல் இருக்கவோ கொழுப்பைக் குறைக்கவோ அப்பா ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டால் எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள், இந்த மருந்து பலவற்றோடு மோதும். ஃப்ளூகோனசோல் போதாதா என்று யாராவது கேட்டால், கேண்டிடாவுக்குச் சரி, ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற இழைப்பூஞ்சைகளுக்கு உதவாது. நாட்டமைசின் சொட்டு கருவிழியின் மேற்பரப்புக்கு அருமையான மருந்து, உள்ளே ஊடுருவாது. ஃப்யூசேரியம் என்று அறிக்கை வந்தால் போராட்டம் நீளும், அது பல மருந்துக்கு மசியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்று வந்தால் ஆம்ஃபோடெரிசினை நம்ப முடியாது. பூஞ்சை என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்தி அடையாமல் அதன் முழுப்பெயருக்குக் காத்திருப்பது இதற்காக.

எங்கிருந்து வந்தது? உறுதியாகத் தெரிந்த சம்பவங்கள் எல்லாம் பலர் ஒன்றாகப் பாதிக்கப்பட்டவை. 1970-களின் நடுவில், செயற்கை லென்ஸைக் கிருமிநீக்கிய பின் நடுநிலையாக்கப் பயன்பட்ட சோடியம் பைகார்பனேட் கரைசலில் பெசிலோமைசஸ் பூஞ்சை கலந்து, பல கண்கள் கெட்டன. 1983-ல் ஆபரேஷனில் கண்ணைக் கழுவும் திரவத்தில் கேண்டிடா பாரப்சிலோசிஸ். மருத்துவமனையில் கட்டட வேலை நடந்தபோது எழுந்த தூசியோடு ஆஸ்பெர்ஜில்லஸ் வந்த நிகழ்வு 1998-ல் பதிவாகியிருக்கிறது. 2020-ல் தென் கொரியாவில், ஆபரேஷனில் கண்ணுக்குள் நிரப்பும் விஸ்கோஎலாஸ்டிக் கூழில் ஃப்யூசேரியம். இவற்றில் காரணம் பிடிபட்டது, ஒரே கிருமி, ஒரே பொருள், பல கண் என்று ஒரு கோடு தெரிந்ததால். ஒரே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை இழுக்க முடியாது. நாங்களே ஒருமுறை ஒரே வாரத்தில் இரண்டு கண்ணில் ஒரே இனப் பூஞ்சையைப் பார்த்து, ஆபரேஷன் அரங்கை மூடச் சொல்லி, அகார் தட்டுகளைத் திறந்து வைத்துத் தேடினோம். ஏசி வாயிலுக்குக் கீழே வைத்த தட்டில் பூஞ்சை முளைத்தது, ஆனால் அது வேறு இனம். அந்த இரண்டு கண்ணுக்கும் எங்கிருந்து வந்தது என்று இன்று வரை தெரியாது.

அதனால் மருத்துவமனையின் தவறா என்ற கேள்விக்கு என்னால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்த இடத்துக்குப் பூஞ்சை என்று எழுத்தில் தெரிவியுங்கள். அதே நாளில் ஆபரேஷன் ஆன மற்றவர்களை அவர்கள் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், அன்று பயன்பட்ட திரவம், கூழ் ஆகியவற்றின் தொகுதி எண்களைச் சரிபார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் லென்ஸின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பத்திரமாக வையுங்கள். இன்னொன்று: அப்பா போட்டுவந்த பழைய சொட்டுப் புட்டிகளை இனிமேல் பயன்படுத்தவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். அப்படியே மூடி மருத்துவரிடம் கொடுங்கள். அதையும் கல்ச்சர் செய்யலாம். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாட்டிக் போட்டார்களா என்று சண்டை போடுவதில் பயனில்லை. அது பாக்டீரியாவைத்தான் தடுக்கும், பூஞ்சையைத் தொடாது.

தண்ணீர் விஷயம். வெட்டுவாய் பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு, தையலில்லாமல் தானே மூடிக்கொள்ளும். முதல் சில நாள் கண் அழுத்தம் குறைந்தால் லேசாகக் கசியலாம். குழாய்த் தண்ணீரில் பூஞ்சை இருக்கும் என்பதும் உண்மை. அதனால் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த முகம் கழுவல் நடந்தது பதினைந்தாம் நாள். அதற்குள் வெட்டுவாய் பெரும்பாலும் இறுகியிருக்கும். அன்று தெறித்த தண்ணீரைக் குற்றவாளியாக நிறுத்த என்னிடம் ஆதாரம் இல்லை, உங்களிடமும் இல்லை. அப்பாவிடம் அதைப் பற்றி இனிப் பேசாமல் விடுங்கள்.

பார்வை வருமா என்பதில் நேராகச் சொல்வதுதான் மரியாதை. பாக்டீரியாத் தொற்றைவிடப் பூஞ்சையில் முடிவு பொதுவாக மோசம். கேண்டிடாவாக இருந்தால் இழைப்பூஞ்சையைவிட நம்பிக்கை அதிகம். கருவிழிக்கும் பரவியிருந்தால் நம்பிக்கை குறையும். சிகிச்சை தொடங்கும்போது எவ்வளவு தெரிந்தது என்பது பெரிய அளவுகோல். கையசைவைத் தாண்டி விரல் எண்ணும் அளவுக்கு இன்னும் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல விஷயம். மறுபடி படிக்கும் அளவுக்கு வந்தவர்களும் உண்டு, கண்ணைக் காப்பாற்றியதே பெரிது என்று நின்றவர்களும் உண்டு. சிகிச்சை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஓடும். முதலில் சீழ்க் கோடு இறங்கும், வலி விடும், பஞ்சு உருண்டைகள் சுருங்கும். பார்வைதான் கடைசியில் நகரும். தினம் காலையில் “இன்று தெரிகிறதா” என்று கேட்டு அவரைக் களைப்பாக்க வேண்டாம். ஒருவேளை லென்ஸை எடுத்தாலும் அது கடைசி வார்த்தை இல்லை: கண் பல மாதம் அமைதியாக இருந்து, விழித்திரையும் நன்றாக இருந்தால், வேறு முறையில் லென்ஸ் பொருத்த முடியும். அதுவரை கனமான கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ.

அடுத்த கண். ஆபரேஷன் வழியாக நுழைந்த பூஞ்சை ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்குத் தாவாது. இரு கண்ணும் ஒன்றாகக் கெடுவது ரத்தத்தில் கிருமி பரவும்போது, அது வேறு நோய். அடுத்த கண்ணின் புரை பழுத்து அவசரப்படுத்தாத வரை, இந்தக் கண் மருந்து நிறுத்திய பிறகும் அமைதியாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை தள்ளிப்போடலாம் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். அன்று எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எங்கள் மாதிரியான ஆய்வகம் கொடுத்த அந்தக் கல்ச்சர் அறிக்கையின் நகலை முதல் நாளே அறுவை மருத்துவர் கையில் கொடுங்கள். எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்கு மடங்கியது என்று தெரிந்தால், ஆபரேஷனுக்குப் பின் எத்தனை நாள் ஸ்டீராய்டு கொடுப்பது, எத்தனை முறை வரச்சொல்லிப் பார்ப்பது என்பதை அவர் வேறு மாதிரி முடிவு செய்வார்.